பதினோரு பச்சைக் கையெழுத்துகள்

எனக்குக் கோபம் வந்தால் நாட்குறிப்பில் நேரத்தோடு எழுதி வைப்பேன். எதனால் வந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்றும் எழுதுவேன். பெரும்பாலும் அரை மணிக்குள் அடங்கிவிடும். பேருந்து கைகாட்டியும் நிற்காமல் போயிருக்கும், அல்லது ஆலையில் ஈர மூட்டையைக் காய்ந்த மூட்டையோடு அடுக்கியிருப்பார்கள். நான் சொல்லப்போகும் கோபம் ஒரு திங்கட்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு வந்தது. அது அரை மணியில் அடங்கவில்லை. அது வருவதற்கு என் பேனாவும் ஒரு காரணம் என்பதால் முதலில் மையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் ஒரு சேகோ ஆலையில் தரம் பார்ப்பது என் வேலை. மரவள்ளி மாவின் வெண்மை, ஈரம், ஜவ்வரிசி மணியின் அளவு, வறுபட்ட பதம் எல்லாம் பார்த்து எழுதுவேன். இருபத்தொரு ஆண்டுகளாக நாட்குறிப்பும் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், ஊற்றுப்பேனா, கருநீல மை. சேலத்தில் வழக்கமாக வாங்கும் கடையில் அந்தக் கருநீலம் தீர்ந்துபோய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. மூன்றாவது தடவையும் வெறுங்கையோடு திரும்ப இருந்தபோது கடைக்காரர் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியை எடுத்து வைத்தார்.

“இதைப் போட்டுப் பாருங்க சார். இப்ப எல்லாரும் கலர்லதான் எழுதறாங்க.”

“கலர்ல எழுத நான் என்ன கோலமா போடறேன்?” என்று கேட்டேன். கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

சனிக்கிழமை மாலை அதைச் சோதித்தேன். மாவைச் சோதிக்கிற மாதிரியே ஒழுங்காகச் செய்தேன். பேனாவை மூன்று முறை தண்ணீர் இழுத்து விட்டுக் கழுவி, ஒரு மணி நேரம் நிப்புக் கீழே பார்க்கத் துணியில் நிறுத்தி உலர்த்தி, பிறகு மையை ஏற்றினேன். நாட்குறிப்புத் தாளில் காய இருபத்திரண்டு நொடி. ஜெராக்ஸ் தாளில் பதினான்கு. ஆலைப் பதிவேட்டுத் தாளில் ஒன்பது நொடி, ஆனால் பின்பக்கம் கசிந்தது. பிறகு ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, இரண்டு நிமிடம் கழித்துத் துடைத்தேன். பாதி எழுத்து தண்ணீரோடு வந்துவிட்டது. ‘நீரில் நிற்காது’ என்று எழுதிக்கொண்டேன்.

நிறத்தைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். நல்ல நிறம். அலுவலகங்களில் பார்க்கிற பாசிப் பச்சை இல்லை, சுத்தமான கிளிப்பச்சை. போர் போடும் ரிக் வண்டிக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்து வெயிலில் நிறுத்தியிருந்தால் எப்படி இருக்கும், அப்படிக் கண்ணில் அடித்தது. எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றியது. இருபத்தொரு ஆண்டில் முதல்முறையாக, எழுத ஒன்றும் இல்லாமலே இரண்டாவது பக்கத்துக்குப் போனேன். என் மனைவி எட்டிப் பார்த்து, “புள்ளைங்களுக்குக் கலர் பேனா வாங்கிக் குடுக்கறப்பெல்லாம் இதெதுக்கு வெட்டியான்னு கேட்டவரு இவருதானுங்களே” என்று சுவரிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிறு காலை பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். என் தங்கையைவிடச் சின்னவள். அவள் கணவர் ரிக் வண்டியோடு வடக்கே போனால் பொங்கலுக்கும் ஆடிக்கும்தான் ஊரில் இருப்பார். அவள் விசைத்தறிக்குப் போகிறாள். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. எங்கள் ஊர் அங்கன்வாடியில் உதவியாளர் இடம் காலியாக இருந்தது. உள்ளூர்ப் பெண்ணாக இருக்க வேண்டும், படித்திருக்க வேண்டும், இந்த வயதுக்குள் இருக்க வேண்டும் என்று கேட்டிருந்த எல்லாம் அவளுக்குப் பொருந்தியது. அடுத்த முறை இப்படி ஒரு இடம் வருவதற்குள் அவளுக்கு வயது தாண்டிவிடும். அந்த வேலை கிடைத்தால் இரவுத் தறி நின்றுவிடும். அவளுக்கு அதுதான் வேண்டும். தறிச் சத்தத்தில் இப்போதே ஒரு காது மந்தம். நாம் பேசும்போது இடது பக்கமாகத் தலையைத் திருப்பித்தான் கேட்பாள்.

விண்ணப்பத்துக்குத் திங்கட்கிழமை கடைசி நாள். சான்றிதழ் நகல்கள் எல்லாவற்றிலும் பச்சை மையில் கையெழுத்துப் போடும் அதிகாரி ஒருவர் சான்றொப்பம் செய்ய வேண்டும். அவள் வெள்ளியும் சனியும் தறிக்கு லீவு போட்டு அலைந்திருக்கிறாள். ஒருவர் ஊரில் இல்லை. ஒருவர், “உன்னை எனக்குத் தெரியாதேம்மா, தெரிஞ்சவங்க யாரையாச்சும் கூட்டிக்கிட்டு வா” என்று அனுப்பிவிட்டார்.

என்னிடம் ஆலோசனை கேட்க வந்தவள் மேசைமேல் திறந்திருந்த நாட்குறிப்பைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

“ஏனுங்கண்ணா, நீங்க பச்சை மை போடறவங்களா? இத்தனை வருசமாப் பக்கத்துலயே இருக்கறனுங்க, ஒரு வார்த்தை சொல்லலீங்களே!”

“அதெல்லாம் இல்லம்மிணி. சும்மா கலர் எப்படி இருக்குதுன்னு எழுதிப் பாத்தேன்.”

“எப்படியோ, பச்சை பச்சைதானுங்களே. பதினோரு தாளுங்க. போட்டுக் குடுத்துருங்கண்ணா.”

“நான் ஆபீசர் இல்லம்மா. நான் போட்டா அது பொய்க் கையெழுத்து. சீல் வேற வேணும்.”

“சீல் அடிக்கற கடை ஆட்டையாம்பட்டியில இருக்குதுங்க.” சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனால் விளையாட்டாகச் சொல்லவில்லை. “ஒரிஜினல் என்றகிட்ட இருக்குது. அதுல பொய் இல்லீங்களே. அதுல இருந்து எடுத்த ஜெராக்ஸ்னு நீங்க சொல்றதுல என்னுங்க பொய்யி?”

அவள் கேட்டது சரியான கேள்வி. பதில் வராதபோது எனக்குக் குரல் உயரும். “முடியாதுன்னா முடியாது” என்றேன்.

அவள் தாள்களை உறைக்குள் வைத்தாள். “மனசில்லீனா சொல்லிருங்க. சட்டம் எதுக்குப் பேசறீங்க?”

அவள் போன பிறகு மனைவி பிடித்துக்கொண்டாள். “அந்தப் புள்ள எத்தனை தடவை நம்ம ஊட்டுக்குத் தண்ணி புடிச்சு வெச்சிருக்குது. ஒரு கையெழுத்துக்கு இந்தக் கத்தா?” நான் அரை நாள் விடுப்புக்கு ஆலைக்குச் சொல்லிவிட்டு, மறுநாள் நானே அவளோடு போவதாகச் சொல்லி அனுப்பினேன்.

திங்கள் காலை ஒன்பதரைக்கு, எனக்கு அறிமுகமான ஒரு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் முன்னால் நின்றோம். அவள் டவுன் பஸ்ஸில் வந்தாள், நான் என் மொபெட்டில் போனேன். ஒரே வண்டியில் போனால் தெருவில் பேச்சு வரும். தலைமையாசிரியர் நல்ல மாதிரிதான் பேசினார். “நீங்க சொன்னாப் போதுமுங்க” என்று தாள்களை வாங்கினார். மேசை இழுப்பறையில் பச்சைப் பேனாவைத் தேடி எடுத்தார். கிறுக்கிப் பார்த்தார், எழுதவில்லை. உதறினார். இன்னொன்றை எடுத்தார். அதுவும் காய்ந்திருந்தது.

“அடடா. வாங்கிட்டு வரச் சொல்றேன். சாயந்திரமா வாங்களேன்.”

அப்போது என் சட்டைப்பையில் இருந்த பேனாவை நான் எடுத்தேன். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. அவள் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. நானே எடுத்து, மூடியைக் கழற்றி, நிப்பைத் திருப்பிப் பிடித்து நீட்டினேன்.

அவர் ஒரு சுற்றறிக்கையின் பின்பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டுப் பார்த்தார். “ஆகா, என்ன கலருங்க இது! எங்க வாங்கினீங்க?” மறுபடியும் போட்டார். நான்கு தடவை தன் கையெழுத்தையே போட்டு, தள்ளி வைத்துப் பார்த்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. காய எத்தனை நொடி ஆகும் என்றுகூட அவருக்குச் சொன்னேன். பிறகு பதினோரு நகல்களிலும் வரிசையாகப் போட்டார். அலுவலக உதவியாளர் முத்திரை குத்திக்கொண்டே போனார். மூலச் சான்றிதழ்களை அவள் கையில் ஏந்திக்கொண்டு நின்றாள். அவற்றை அவர் வாங்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. வேறு யாருடைய சான்றிதழ்களைக் கொடுத்திருந்தாலும் கையெழுத்து விழுந்திருக்கும். அந்த நேரத்தில் இது எனக்கு உறைக்கவில்லை. நான் நிப்பு எப்படி ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

விண்ணப்பம் கொடுக்க வேண்டிய அலுவலகத்தின் ஊரை எழுதப்போவதில்லை. பதினொன்று முப்பதுக்கு உள்ளே போனோம். எழுத்தர் ஒருவர், ஐம்பது வயது இருக்கும், எதிரே ஈரப் பஞ்சுக் கிண்ணம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரலைப் பஞ்சில் அழுத்தி முதல் தாளைத் திருப்பினார். நின்றார்.

“இது என்னங்க கலரு?”

“பச்சைங்க” என்றேன்.

“பச்சையா? மாரியம்மன் நோம்பிக்கு வளையல் வாங்கற கலரு மாதிரி இருக்குது. யாரு, ஜெராக்ஸ் கடையில ஸ்கெட்சு பேனாவுல போட்டுக் குடுத்தாங்களா?”

யார் போட்டது என்று சொன்னேன். முத்திரையைக் காட்டினேன். அவர் முத்திரையைப் பார்க்கவில்லை. ஈர விரலைக் கையெழுத்தின் மேல் வைத்து மெதுவாக இழுத்தார். வேண்டுமென்றேதான் இழுத்தார், அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. கையெழுத்து கரைந்து தாளின் ஓரம்வரை பச்சைத் தடமாக ஓடியது. அவர் விரலைத் தூக்கி எங்களுக்குக் காட்டினார். “பாருங்க. அழியற மை செல்லாது. வேற போட்டுட்டு வாங்க.”

மணி பதினொன்று நாற்பது.

“சார், ஒரிஜினல் எல்லாம் இங்கயே இருக்குது” என்றேன். அவள் கையிலிருந்து வாங்கி மேசைமேல் பரப்பினேன். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், குடும்ப அட்டை, எல்லாம். “நகலையும் இதையும் நீங்களே ஒருக்கா ஒத்துப் பாத்துக்கங்க. அஞ்சு நிமிசம் ஆகாது.”

“ஒரிஜினல் எனக்கு எதுக்குங்க? எடுங்க, எடுங்க. எனக்குப் பச்சைக் கையெழுத்து இருக்கோணும். அவ்வளவுதான்.”

நான் கத்தினேன் என்று அவள் பிறகு சொன்னாள். நான் கத்தியதாக எனக்கு நினைவில்லை. நினைவில் இருப்பது இதுதான்: உண்மையான தாள் மேசைமேல் விரிந்து கிடக்கிறது. இரண்டு கண்ணும் நன்றாக உள்ள ஒரு மனிதர் அதைப் பார்க்க மறுக்கிறார். அதைப் பார்க்காத ஒருவர் ‘பார்த்தேன்’ என்று போட்ட கையெழுத்துத்தான் அவருக்கு வேண்டும். அந்தக் கையெழுத்திலும் அவருக்கு வேண்டியது நிறம் மட்டும். ஆலையில் நான் மாவைத் தொட்டுப் பார்க்காமல் மூட்டையின் நிறத்தைப் பார்த்துத் தரம் எழுதினால் மறுநாளே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அனுப்ப வேண்டியதுதான். இதை அவரிடமே சொன்னேன். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து பார்த்தார்கள்.

“சத்தம் போட்டீங்கன்னா வாங்கவே மாட்டனுங்க” என்றார் எழுத்தர், குரலை உயர்த்தாமல்.

அவள் தாள்களைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டு என் சட்டைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். புங்கமரத்தடியில் நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“ஏனுங்கண்ணா, ஒண்ணு கேக்கட்டுங்களா? அந்த மை தண்ணி பட்டா அழியும்னு உங்களுக்குத் தெரியுமுங்களா, தெரியாதுங்களா?”

எனக்குத் தெரியும். சொட்டு வைத்து, நேரம் பார்த்து, எழுதி வைத்தவன் நான். “தெரியும்” என்றேன்.

“தெரிஞ்சுதான் நீட்டினீங்களா?” இடது பக்கமாகத் திரும்பி என் பதிலுக்குக் காத்திருந்தாள். “அவரு சாயந்திரம் வாங்கன்னுதான சொன்னாரு? அந்தச் சீல் குத்தின பையன் கடைக்குப் போயி ஒரு பச்சைப் பேனா வாங்கியாந்திருந்தாப் பத்து நிமிசமுங்க. உங்க மையோட அழகு எனக்கென்னத்துக்குங்க?”

அந்தக் கேள்வியோடு என் கோபம் இரண்டாகிவிட்டது. ஒன்று உள்ளே உட்கார்ந்திருந்தவர்மேல். இன்னொன்றுக்கு ஆள் தேட வேண்டியதில்லை.

தலைமையாசிரியருக்குப் போன் செய்தேன். நாமக்கல்லில் திடீரென்று வைத்த கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். நாளைக்குத்தான் வருவார். ஒன்றியத்தில் ஒரு பொறியாளரைத் தேடிப் போனேன். அவர் இருக்கையில் துண்டு மட்டும் இருந்தது. மணி ஒன்றே கால். பிறகு அவள்தான் சொன்னாள்: “ஆட்டாசுபத்திரி டாக்டரும் பச்சைதானுங்களே? போன வருசம் வெள்ளாட்டுக்குச் சீட்டு எழுதிக் குடுத்தாரு. கையெழுத்து பச்சையில இருந்துச்சு.”

எனக்கு அது தோன்றவே இல்லை. கால்நடை மருத்துவரும் அதிகாரிதான். ஆனால் மருத்துவமனை மூன்று மணிக்குத்தான் மறுபடி திறக்கும். பதினோரு நகல்களையும் புதிதாக ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு இரண்டரைக்கே போய் உட்கார்ந்தோம். அது நான்கு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்க நேரம் இல்லை. அவள் மொபெட்டின் பின்னால் ஏறிக்கொண்டாள். “பேசறவங்க பேசிக்கட்டும். தறிச் சத்தத்துல எனக்கு எப்படியும் கேக்காது.”

மருத்துவர் மூன்றே முக்காலுக்கு வந்தார். வயிறு உப்பிய பசு ஒன்று முன்னால் நின்றது. அதை முடித்து, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

“ஆட்டுக்கு என்னம்மா?”

“ஆடு நல்லா இருக்குதுங்க சார். எனக்குத்தானுங்க.”

விஷயத்தைச் சொன்னோம். அவர் மறுக்கவில்லை. ஆனால் மூலத்தைக் கேட்டு வாங்கினார். மேசையில் ஒரு பக்கம் மூலம், ஒரு பக்கம் நகல் என்று வைத்து, வரி வரியாகப் பார்க்க ஆரம்பித்தார். பிறந்த தேதியில் விரல் வைத்து இங்கும் அங்கும் பார்த்தார். விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த படத்தையும் அவள் முகத்தையும் பார்த்தார்.

“போட்டோவுல ரொம்பக் கோபமா இருக்கீங்களேம்மா.”

“இப்பவும் அப்படித்தானுங்க சார் இருக்கறேன்.”

அவர் சிரித்துக்கொண்டே முதல் நகலில் கையெழுத்துப் போட்டார். சணலில் மேசைக்காலோடு கட்டியிருந்த பந்துமுனைப் பேனா, அழுக்கான பச்சை.

காலையிலிருந்து நான் கேட்டது இதைத்தான்: ஒருவராவது பார்த்துவிட்டுப் போட வேண்டும். இதோ ஒருவர் பார்க்கிறார். ஆனால் எனக்குப் பொறுமை இல்லை. ஒரு தாளுக்கு ஒன்றரை நிமிடம் எடுத்துக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, ‘ஐயா, சும்மா போடுங்களேன்’ என்று வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டு நின்றேன். அப்படி நினைத்ததையும் அன்று நாட்குறிப்பில் எழுதினேன். எழுதப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதினேன்.

ஐந்து இருபதுக்கு மறுபடி அந்த மேசை. எழுத்தர் விரலைப் பஞ்சில் தொட்டு, தாள்களின் மூலையை மட்டும் புரட்டினார். பதினோரு பச்சை. எண்ணி முடித்ததும் மற்ற விண்ணப்பக் கட்டோடு சேர்த்தார். எந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. ஆட்டு மருத்துவரின் முத்திரை என்பதைக்கூட அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை.

“பெற்றுக்கொண்டதுக்கு ஒரு சீட்டு?” என்று கேட்டாள்.

“சீட்டெல்லாம் கெடையாதும்மா. போங்க, லெட்டர் வரும்.”

நான் வாயைத் திறந்தேன். அவள் செருப்புக் காலால் என் காலை மிதித்தாள். நன்றாகவே மிதித்தாள். “சரிங்க சார். வாரனுங்க சார்” என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் இரண்டு பக்கத்துக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதினேன். நேரம், பேச்சு, ஈர விரல், சீட்டு மறுத்தது என்று எதையும் விடவில்லை. கூட்டாமல் குறைக்காமல் எழுதினேன். மேலதிகாரிக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று என்று இரண்டு படி எடுத்து உறையில் போட்டேன். என் மனைவி மூலம் அவளுக்குத் தெரிந்து, மாலையில் வந்துவிட்டாள்.

“கடுதாசியைத் தாட்டியுட்டீங்களா?”

“நாளைக்குப் போஸ்ட் பண்றேன்.”

“வேண்டாமுங்கண்ணா. என்ற பேரு அதுல இருக்குதா?”

“உன் பேர் இல்லாம எப்படி எழுதறது?”

“அந்த ஆளு மேசையிலதானுங்க என்ற தாளு கெடக்குது. ஒரு தாளு காணாமப் போச்சுன்னா யாரு கேப்பா? சீட்டு இருக்குதா என்றகிட்ட?” குரலைத் தாழ்த்தினாள். “உங்களுக்கு நாயம் முக்கியமுங்க. எனக்கு அந்த வேலை முக்கியமுங்க. வேலை வந்ததுக்கப்பறம் பத்து எழுதுங்க, நானே கையெழுத்துப் போடறேன். அதுவரைக்கும் கம்முனு இருங்க சாமி.”

உறைகளை அவளிடமே கொடுத்துவிட்டேன். என்னிடம் இருந்தால் அனுப்பிவிடுவேன் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

நேர்காணலுக்குக் கடிதம் வந்தது. போய்விட்டு வந்தாள். அங்கே இருந்த அதிகாரியம்மா மூலத்தை வாங்கிப் பார்த்தாராம். இன்னும் பட்டியல் வரவில்லை. அவள் இந்த வாரம் இரவுத் தறிக்குப் போகிறாள்.

போன வியாழக்கிழமை பேருந்து நிலையத்து டீக்கடையில் அந்த எழுத்தர் நின்றார். என்னை அடையாளம் கண்டுகொண்டு, பழகிய ஆளைப்போல, “என்னங்க, அன்னைக்கு அத்தனை கோபப்பட்டீங்க! பாருங்க, உங்க வேலை முடிஞ்சுதுல்ல?” என்றார். அவர் விரல் டம்ளரின் விளிம்பில் இருந்தது. எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. புகாரின் இரண்டு பக்கமும் மனப்பாடமாக இருந்தன.

“முடிஞ்சுதுங்க சார். ரொம்ப நன்றிங்க” என்றேன். சிரிக்கவும் சிரித்தேன். பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து அவருக்கு இடமும் விட்டேன்.